ஐப்பசி மழைக்கு முன்னால்: வார்டு கேள்வி – பதில்

காவிரிப் படுகை நகரங்களின் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு மன்ற உறுப்பினர்களும் நகராட்சிப் பொறியியல் பிரிவில் பணியாற்றியவர்களும் சேர்ந்து எழுதிய பதில்கள்.

எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் கட்டி மூன்று வருடம் ஆகிறது. இருந்தும் ஒரு மழைக்கே வாசல்படி வரை தண்ணீர் ஏறிவிடுகிறது. கேட்டால், "வாய்க்கால் நகராட்சியுடையது இல்லை" என்கிறார்கள். அது சரியா?
— வாசகர், மயிலாடுதுறை மாவட்டம்

சரிதான், ஆனால் பாதிப் பதில். தெரு வடிகால் நகராட்சியைச் சேர்ந்தது. அது போய் விழுகிற பாசன வாய்க்கால் பெரும்பாலும் நீர்வளத் துறையின் பொறுப்பு. நம் ஊர்களில் சிக்கல் இந்த இரண்டும் சேரும் வாயில்தான் இருக்கிறது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும். ஆகவே ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டும்போது வாய்க்காலிலும் தண்ணீர் நிற்கும். வாய்க்கால் மட்டம் வடிகாலின் வாயைவிட உயர்ந்துவிட்டால், தெருத் தண்ணீர் வெளியேறாது. வாய்க்கால் தண்ணீர் தெருவுக்குள் வரும். வடிகாலை எத்தனை முறை தூர் வாரினாலும் இதற்குத் தீர்வு கிடைக்காது. வெளிப்பக்கம் மட்டும் திறக்கும் மடிப்புக் கதவு ஒன்றை அந்த வாயில் பொருத்த வேண்டும். அதன் கீலில் குப்பை சிக்கினால் கதவு பாதி திறந்தே நின்றுவிடும் என்பதால், மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். கதவு மூடியிருக்கும் நேரத்தில் உள்ளே தேங்குவதை இறைக்க ஆயில் என்ஜினும் தயாராக இருக்க வேண்டும்.

உங்கள் தெருவில் கோளாறு எங்கே என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். மழை இல்லாத நாளில் வடிகாலின் மேல்முனையில் பத்துக் குடம் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எங்கே தேங்கி நிற்கிறதோ அங்கே அடித்தளம் பள்ளம், அல்லது அதற்கு அடுத்த இடம் மேடு. கொத்தனாரிடம் இருக்கும் டியூப் லெவலை (மட்டம் பார்க்கும், தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய்) வைத்து இரண்டு முனையையும் அளந்தால் உறுதியாகிவிடும். நம் சமவெளியில் 100 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சரிவு கிடைப்பதே பெரிது. நடுவில் ஒரே ஒரு வீட்டு வாசல் சாய்தளத்துக்காக அடியில் நான்கு அங்குலம் சிமெண்ட் போட்டிருந்தால் அந்தச் சரிவு மொத்தமும் போயிற்று.

வடிகால் மேல் பலகைக்கல் போடுகிறவர்கள் பூசி மூடிவிடாதீர்கள். இரண்டடிக்கு இரண்டடி, மூன்றங்குல கனம் என்றால் ஒரு பலகை ஏறக்குறைய 70 கிலோ இருக்கும். இரும்பு வளையம் வைத்தால் இரண்டு பேர் தூக்கிவிடலாம். ஆறடிப் பலகையை யாரும் தூக்க மாட்டார்கள். அதற்கடியில் வண்டல் வருடக்கணக்கில் கிடக்கும். இன்னொன்று: வாரிய சேற்றைக் கரையிலேயே குவித்து வைப்பது வேலையே செய்யாததற்குச் சமம். நீர் வடிய ஒன்றிரண்டு நாள் போதும். அதற்குள் வண்டி வரவில்லை என்றால் உடனே வார்டு உறுப்பினரைக் கூப்பிடுங்கள். அடுத்த மழை அதை உள்ளேயே தள்ளிவிடும்.

மழை நாளில் பாத்ரூம் வழியாகப் பாதாளச் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. ஏன்?
— வாசகி, கும்பகோணம்

அம்மா, உங்கள் தெருவில் சில வீடுகளின் மொட்டை மாடிக் குழாய் பாதாளச் சாக்கடைத் தொட்டியில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆயிரம் சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் இறங்கும். பத்து வீடு அப்படி இருந்தால் கழிவுநீருக்கென்று போட்ட குழாய் தாங்காது; தாழ்வான வீட்டில்தான் பொங்கும். பாதிக்கப்படுவது ஒருவர், காரணம் வேறொருவர் என்பதால் இதைத் தெருவாகச் சேர்ந்து பேசித்தான் சரிசெய்ய முடியும். மாடித் தண்ணீரை மழைநீர் சேகரிப்புக் குழிக்குத் திருப்புங்கள். வீட்டின் கடைசித் தொட்டியில் ஒருவழி வால்வு வைத்தால் உங்களுக்கு உடனடிப் பாதுகாப்பு கிடைக்கும்.

வீட்டிலிருந்து போகும் நான்கு அங்குலக் குழாய்க்குப் பத்தடிக்கு மூன்று அங்குலம் சரிவு வேண்டும். குழாய் திரும்பும் இடத்தில் எல்போ என்கிற வளைவு இணைப்பைப் போடாமல் தொட்டி கட்டுங்கள். அடைப்பு எடுக்க ஆளைத் தொட்டிக்குள் இறக்கவே கூடாது. உள்ளே தங்கும் நச்சுவாயு சில நொடிகளில் உயிரை எடுத்துவிடும். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றமும்கூட. இயந்திர வண்டிக்கு 14420-ஐ அழையுங்கள்.

குடிநீர் வரும் நேரத்தில் முதல் ஐந்து நிமிடம் நாற்றம். தெருவில் எல்லோரும் குழாயில் மோட்டார் வைத்திருக்கிறார்கள். நாங்கள் மட்டும் வைக்காமல் என்ன செய்வது?
— வாசகர், திருவாரூர் மாவட்டம்

நாற்றத்துக்கும் அந்த மோட்டாருக்கும் தொடர்பு இருக்கலாம். நகராட்சிக் குழாயில் நேரடியாக மோட்டார் உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, சாக்கடையை ஒட்டிப் போகும் இடத்தில் மயிரிழை விரிசல் இருந்தாலும் கழிவை உள்ளே இழுக்கும். இது சட்டவிரோதம், மோட்டாரைப் பறிமுதல் செய்யலாம். குழாயிலிருந்து தண்ணீர் தானாக விழும்படி தரைத்தொட்டி கட்டி, அந்தத் தொட்டியிலிருந்து மோட்டார் வைத்து மேலே ஏற்றுங்கள். தொட்டி மாசுபட்டிருந்தால் தேய்த்துக் கழுவி நிரப்பிய பிறகு 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம். மூடி இடைவெளியில்லாமல் இருக்கட்டும். டெங்கு கொசு முட்டை தொட்டிச் சுவரில்தான் ஒட்டிக்கொள்ளும், அதனால் தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது.

சொத்து வரிக்குத் தள்ளுபடி உண்டா?
— வாசகர், தஞ்சாவூர்

உண்டு. அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் அல்லது அக்டோபரில் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய்.

வார்டு உறுப்பினரிடம் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. எப்படி மனுக் கொடுப்பது?
— வாசகி, நாகப்பட்டினம் மாவட்டம்

ஒரு மனுவில் ஒரே குறை எழுதுங்கள். "தெரு விளக்கு எரியவில்லை" என்பதைவிடக் கம்ப எண்ணும், எந்தக் கதவு எண்ணுக்கு எதிரில் என்பதும் போதும்; ஊழியர் நேராக வந்துவிடுவார். மூன்று பிரதி எடுத்து, ஒன்று ஆணையருக்கு, ஒன்று உறுப்பினருக்கு, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். உறுப்பினரால் தானாகப் பணம் ஒதுக்க முடியாது. மன்றத்தில் தீர்மானம் வந்தால்தான் பெரிய வேலை நடக்கும், அந்தத் தீர்மானத்துக்கு உங்கள் மனுவே ஆதாரம். வாய்க்கால் சம்பந்தப்பட்டது என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலேயே கொடுங்கள். நகராட்சியும் நீர்வளத் துறையும் அங்கே ஒரே அறையில் இருக்கும்.