பெரிய சட்ட நிறுவனங்கள் ஏழை மாணவர்களுக்குக் கொடுக்கும் உதவித்தொகை நிஜமா, விளம்பரமா?

கேட்டவரின் தங்கை பிளஸ் டூ படிக்கிறார். கிளாட் நுழைவுத் தேர்வு எழுதி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர வேண்டும் என்று ஆசை. மும்பை சட்ட நிறுவனம் ஒன்றின் இணையதளத்தில் பன்முகத்தன்மை, உதவித்தொகை, சமூகப் பொறுப்பு என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறார்களே, நம்பி விண்ணப்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

பணம் நிஜம். அந்த மாதிரிப் பணத்தில் படித்துத்தான் நான் வக்கீலானேன். ஆனால் அந்தப் பணம் எதற்கு வரும், எதற்கு வராது என்பது அந்தப் பக்கத்தில் இருக்காது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதில். கொஞ்சம் நீளும்.

அப்பா சிவகாசியில் காலண்டர் அடிக்கும் அச்சகத்தில் கட்டிங் மெஷின் ஓட்டுகிறார். நான் பத்தாவது வரை தமிழ் வழி. கிளாட் என்ற தேர்வு இருப்பதே, எங்கள் பள்ளிக்கு வந்த சட்ட மாணவர்கள் சிலர் சொல்லித்தான் தெரியும். அந்தத் தேர்வு முழுக்க ஆங்கிலத்தில்தான். நான் எழுதியபோது 200 கேள்வி, இப்போது 120. ஆனால் நீளமான பத்திகளைப் படித்துப் புரிந்துகொண்டு பதில் சொல்ல வேண்டும், அதனால் தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு இன்னும் கஷ்டம். விண்ணப்பக் கட்டணமே 4,000 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 3,500. ஒரு தேர்வை எழுதிப் பார்ப்பதற்கே இவ்வளவா என்று அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

இந்தத் துறையில் உதவி என்று பேச்சு வந்தால் ஷாம்நாத் பஷீரை விட்டுவிட முடியாது. கொல்கத்தா சட்டப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது, 2010-ல் ஐ.டி.ஐ.ஏ. என்ற அமைப்பைத் தொடங்கியவர். ஊர்ப்பக்கப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகளைத் தேடிப்பிடித்து, சட்டக் கல்லூரி மாணவர்களை வைத்தே அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, இடம் கிடைத்த பிறகும் கூடவே நிற்பது அவர் போட்ட வழி. 2019-ல் காலமாகிவிட்டார். எனக்குப் பயிற்சி கொடுத்தது வேறொரு சின்ன அறக்கட்டளை. ஆனாலும் அந்த வழியைப் பார்த்து வந்தவர்கள்தான் அவர்களும். கல்லூரிக் கட்டணத்தை மட்டும் மும்பையில் ஒரு நிறுவனம் ஏற்றுக்கொண்டது. பேர் வேண்டாம்.

ஐந்து வருடமும் கட்டணம் ஒரு நாள் தவறாமல் கல்லூரிக் கணக்குக்குப் போனது. அதில் குறையே சொல்ல முடியாது.

சிக்கல் வந்தது நாலாம் ஆண்டில். பெரிய நிறுவனத்தில் வேலை கிடைக்க வேண்டுமானால் அங்கே ஒரு மாதமாவது இன்டர்ன்ஷிப் செய்திருக்க வேண்டும். வேலையை அங்கேயே பார்த்து, பிடித்திருந்தால் கையோடு ஆஃபர் கொடுப்பார்கள். எனக்குக் கட்டணம் கட்டிய நிறுவனத்திலேயே மே மாதம் இடம் கிடைத்தது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அப்புறம்தான் கணக்குப் போட்டோம். மும்பை தாதரில் பிஜி அறை வாடகை 12,000. அட்வான்ஸ் இன்னொரு 12,000. ரயில், லோக்கல் பாஸ், கறுப்பு பிளேசர், ஒரு ஜோடி ஷூ. இன்டர்னுக்குக் கொடுக்கும் ஸ்டைபெண்ட் 15,000 உண்டுதான். ஆனால் அது மாதம் முடிந்து நாற்பது நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. அம்மா மகளிர் குழுவில் 20,000 கடன் எடுத்தார், வாரா வாரம் தவணை. அந்த வருடம் எனக்காக நிறுவனம் கட்டியது இரண்டு லட்சத்துக்கும் மேல். அதே நிறுவனத்தில் ஒரு மாதம் உட்கார்ந்து வேலை பார்க்க எங்கள் வீடு வட்டிக்கு வாங்கியது.

யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. உதவித்தொகையைப் பார்த்துக்கொள்வது ஒரு குழு, இன்டர்ன்களைப் பார்த்துக்கொள்வது எச்.ஆர். இரண்டு பேருக்கும் பேச்சே கிடையாது, அவ்வளவுதான்.

முதல் வாரம் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே போய் வடாபாவ் வாங்கித் தின்றுவிட்டு வருவேன். மற்ற இன்டர்ன்கள் உள்ளேயே சாப்பிட்டார்கள், காசு கொடுத்துச் சாப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பான்ட்ரியில் இருந்த அண்ணன் தாராவிக்காரர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். நான் போனில் அம்மாவிடம் பேசியதைக் கேட்டுவிட்டு, "பாப்பா, இன்டர்னுக்கும் சாப்பாடு உண்டு. காலையில பத்தரைக்குள்ள அந்த நோட்டுல பேரு எழுதணும், அவ்வளவுதான்" என்றார். மற்றவர்களுக்கு அந்த நோட்டு எப்படித் தெரியும் என்று விசாரித்தேன். ஒருத்திக்கு அவள் அக்கா போன வருடம் அங்கே இன்டர்ன். இன்னொருவனின் சித்தப்பா அங்கே பார்ட்னர், அதாவது நிறுவனத்தின் பங்குதாரர்களில் ஒருவர். இன்னொரு சங்கடம், அங்கே பார்ட்னரையும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு 'சார்' வாயில் ஒட்டிக்கொண்டு போகவே இல்லை. மூன்றாவது வாரம்தான் பழகியது.

இப்போது நான் வேறொரு நிறுவனத்தில் சீனியர் அசோசியேட். இங்கே உதவித்தொகைக் குழுவில் நானும் ஒருத்தி. மேஜைக்கு இந்தப் பக்கம் வந்த பிறகுதான் சில விஷயங்கள் புரிந்தன.

முதலில், சமூகப் பொறுப்பு என்ற சொல். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135-ன்படி 500 கோடி நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள கம்பெனி முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை இதற்குச் செலவழித்தாக வேண்டும். கணக்கும் காட்ட வேண்டும். நம் ஊர் சட்ட நிறுவனங்கள் கம்பெனிகள் இல்லை, கூட்டாண்மைகள். அதனால் அந்தப் பிரிவு அவர்களைத் தொடாது. செய்கிறவர்கள் மனசால் செய்கிறார்கள், அது நல்லதுதான். ஆனால் எவ்வளவு, யாருக்கு, எத்தனை வருடம் என்று ஊருக்குக் கணக்குக் காட்டும் கட்டாயம் கிடையாது. ஒரு வருடம் பத்துப் பேர், அடுத்த வருடம் மூன்று பேர் என்று ஆனாலும் யாரும் கேட்க முடியாது. இன்னொரு வேடிக்கை, வக்கீல்களுக்கு ஒழுங்குவிதி போடும் பார் கவுன்சிலின் விதி 36-ன்படி வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது. அதனால்தான் நிறுவனங்களின் இணையதளத்தைத் திறந்ததும் 'நீங்களாகவே தகவல் தேடி வந்திருக்கிறீர்கள்' என்கிற மாதிரி ஒரு பெட்டி வந்து சம்மதம் கேட்கும். வழக்கில் ஜெயித்ததைப் பெருமையடித்துக்கொள்ள முடியாத இடத்தில், மரம் நட்டதையும் பிள்ளையைப் படிக்க வைத்ததையும் போட்டுக்கொள்ளலாம். உங்கள் 'விளம்பரமா' என்ற சந்தேகம் முழுக்கத் தப்பில்லை.

அடுத்து, இலவச சட்ட உதவி. பண வசதி இல்லாதவருக்கு முடிந்தவரை இலவசமாக வாதாடுவது கடமை என்று பார் கவுன்சில் விதி 46 சொல்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பெரிய நிறுவனத்தில் கடன் ஒப்பந்தமும் பங்கு விற்பனையும் எழுதியே பழகியவர்களுக்கு ஜாமீன் மனு எழுத வராது. எனக்கும் வராது. எங்களால் உருப்படியாக முடிவது அறக்கட்டளைகளுக்குப் பத்திரம் எழுதிக்கொடுப்பது, வரிவிலக்குப் பதிவு, வெளிநாட்டு நன்கொடை விதிகள் இதெல்லாம்தான். அதிலும் ஒரே ஒரு கேள்வி முக்கியம்: பணம் கொடுக்கும் கட்சிக்காரருக்குச் செய்த வேலை நேரத்தை எழுதும் டைம்ஷீட்டில் அந்த நேரமும் ஏறுமா? என் பழைய நிறுவனத்தில் ஏறாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் செய்தால் செய்யலாம். இங்கே வருடத்துக்கு 50 மணி நேரம் வரை கட்சிக்காரர் வேலையாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் இங்கே ஆள் கிடைக்கிறது.

பன்முகத்தன்மைக்கு, அதாவது எல்லாப் பின்னணியிலிருந்தும் ஆள் எடுப்பதற்கு வருவோம். இந்தச் சொல் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே இப்போது அதற்கே சோதனைக் காலம். 2023 ஜூனில், கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்ற ஹார்வர்டு தீர்ப்பு வந்தது, ஆகஸ்டிலேயே பெர்க்கின்ஸ் கூய், மோரிசன் ஃபோர்ஸ்டர் என்ற இரண்டு சட்ட நிறுவனங்கள் சிறுபான்மையினருக்குக் கொடுத்த ஃபெல்லோஷிப் மீது வழக்கு. இரண்டும் தகுதி விதியை மாற்றிக்கொண்டன. 2025-ல் டிரம்ப் அரசு சில நிறுவனங்கள் மீது நேரடியாக உத்தரவே போட்டது. சிலர் சமரசத்துக்குப் போனார்கள். நீதிமன்றம் போன நான்கு நிறுவனங்களும் முதல் கட்டத்தில் ஜெயித்தன.

நம் ஊரில் யாரும் வழக்குப் போடவில்லை, ஏனென்றால் இங்கே கணக்கெடுப்பது வேறு. நான் பார்த்த அறிக்கைகளில் பெண்கள் எத்தனை சதவீதம் என்று இருக்கும். ஜூன் மாதம் பால்புதுமையினருக்கு ஆதரவாக வானவில் நிறத்தில் லோகோ வரும். சாதி பற்றி ஒரு வரி இருக்காது. முதல் தலைமுறை வக்கீல் எத்தனை பேர், அரசுப் பள்ளியில் படித்தவர் எத்தனை பேர் என்று எங்கள் குழுவில் ஒரு தடவை கேட்டேன். "அதையெல்லாம் கேட்பது நாகரிகமா" என்று ஒருவர் சொன்னார். நல்ல மனிதர்தான். தப்பாக நினைத்துச் சொல்லவில்லை.

பெண்கள் கணக்கிலும் ஒரு ஓட்டை உண்டு. வக்கீலாகப் பதிவு செய்தவர் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது என்பது விதி 49. அதனால் பெரும்பாலான நிறுவனங்களில் அசோசியேட்டுக்கு வருவது சம்பளம் இல்லை, தொழில்முறைக் கட்டணம். வரியை (டிடிஎஸ்) பிடித்துக்கொண்டு கொடுப்பார்கள், பி.எஃப். கிடையாது. 26 வார மகப்பேறு விடுப்பு சட்டப்படி தானாக வருமா என்று கேட்டால் நேரடிப் பதில் கிடைக்காது, நிறுவனத்தின் சொந்தக் கொள்கையைப் பொறுத்தது என்பார்கள். தங்கைக்கு இப்போது இது தேவையில்லை. பின்னால் தேவைப்படும்.

எங்களிடம் வரும் விண்ணப்பங்களில் பாதி ஒரே அச்சு. 'சிறு வயதிலிருந்தே வறுமையின் பிடியில்' என்று தொடங்கும். ஆங்கிலத்தில் யாரோ எழுதிக்கொடுத்தது அது. அதைப் படித்து ஒன்றும் தெரியாது. போன வருடம் ஒரு பையனுடைய விண்ணப்பம், பரமக்குடிப் பக்கம். நிறைய எழுத்துப்பிழை. ஊரிலிருந்து காலை 5.50 பஸ்ஸை விட்டால் அடுத்தது 7.40, அதில் போனால் முதல் பீரியட் போய்விடும், அதனால் பதினொன்றாம் வகுப்பில் எத்தனை நாள் முதல் பீரியட் கணக்குப் பாடத்தைத் தவறவிட்டான் என்று எழுதியிருந்தான். உடனே எடுத்துக்கொண்டோம். வீட்டுக்கு நான்தான் போன் செய்தேன். அவன் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "லேப்டாப்பு படிப்பு முடிஞ்சதும் திருப்பித் தந்துடணுமாம்மா?" என்றார். வேண்டாம் என்றதும் இன்னொரு தடவை கேட்டார்.

சரி, உங்கள் தங்கை என்ன செய்யலாம்? விண்ணப்பிக்கட்டும். விண்ணப்பிக்கும் முன்பே ஒரு மின்னஞ்சல் போட்டு, விடுதி, சாப்பாடு, லேப்டாப், இன்டர்ன்ஷிப் மாதச் செலவு இதற்கெல்லாம் தொகை உண்டா, மதிப்பெண் குறைந்தால் நிறுத்திவிடுவார்களா, கூடவே நின்று வழிகாட்ட ஆள் உண்டா என்று கேட்கட்டும். கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம் வேண்டாம். எங்களுக்கு அப்படிக் கேள்வி வந்த பிறகுதான் இன்டர்ன்ஷிப் மாதத்துக்குத் தனியாக 30,000 ஒதுக்கினோம், அதையும் மாதத் தொடக்கத்திலேயே போடுகிறோம். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றையும் இப்போதே இ-சேவை மையத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் சர்வர் வேலை செய்யாது.

நிறுவன உதவி கிடைக்காவிட்டாலும் வழி அடைந்துவிடாது. அரசு சட்டக் கல்லூரிகளில் கட்டணம் மிகக் குறைவு. முடித்ததும் வக்கீலாகப் பதிவு செய்ய முன்பு சில மாநிலங்களில் 15,000 முதல் 42,000 வரை பிடுங்கினார்கள். 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் 750 ரூபாய்க்கு மேல், எஸ்.சி., எஸ்.டி. என்றால் 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. எத்தனையோ உதவித்தொகையைவிட இந்தத் தீர்ப்பு அதிகம் பேருக்கு உதவியிருக்கும் என்பது என் எண்ணம்.

விண்ணப்பத்தோடு கேட்கும் கட்டுரையை யாரிடமும் எழுதி வாங்க வேண்டாம். அவளே தமிழில் எழுதிவிட்டு, அப்புறம் ஆங்கிலத்துக்கு மாற்றட்டும். திருத்திக் கொடுக்க ஆள் இல்லையென்றால் இங்கேயே எனக்குச் செய்தி அனுப்பச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைதான் பார்ப்பேன், அதுவும் அந்த வாரம் எந்தக் கட்சிக்காரரும் டீலை முடிக்க வேண்டும் என்று துடிக்காமல் இருந்தால்.