அண்ணாச்சி பதில்கள்

கேள்வி: அண்ணாச்சி, காலேஜ் படிக்க என் மவன் ராத்திரி பூரா துருக்கிக்காரன் ராக் பாட்டு கேக்கான், பழைய பாட்ட இப்ப உள்ள பயலுவ புதுசா போடுதானுவளாம். அதுல அப்படி என்னதான் இருக்கு?
- ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: நானும் அந்தக் கிறுக்குல கெடந்தவன்தான், அதனால மவன வையாதீய. 1965ல இஸ்தான்புல்ல ஹுரியத்னு ஒரு பேப்பர்காரன் 'தங்க மைக்'னு போட்டி வச்சான், துருக்கிப் பாட்ட மேல்நாட்டு வாத்தியத்துல வாசிக்கணும், அதுவரைக்கும் இங்கிலீஷ் பாட்ட காப்பியடிச்சிட்டு இருந்த பயலுவ எல்லாம் கிராமத்துப் பாட்டுக்குத் திரும்புனானுவ. எர்கின் கோராய், பாரிஷ் மான்ச்சோ, ஜெம் கராஜா எல்லாம் அந்தக் காலத்துப் பாட்டுக்காரனுவதான். இதுல சூட்சுமம் சாஸ்னு ஒரு வாத்தியம், நீளக் கழுத்து, அதுல சுரத்துக்கு வெரல் வைக்க குறுக்க இருக்க மெட்டெல்லாம் நரம்பால கட்டுனது, அங்கன இங்கன நகத்திக்கலாம், கிட்டார்ல ரெண்டு மெட்டுக்கு நடுவுல மாட்டிக்கிட்டு வராத சுரம் இதுல வரும். அத கரண்டுல போட்டு எக்கோவ ஏத்துனா தல சுத்தத்தான் செய்யும். தாளம் வேற ஒம்பது, ரெண்டு ரெண்டு ரெண்டு மூணுன்னு. நம்ம மேளக்காரர்ட்ட சொன்னா "இதென்னவே பெரிசு"ம்பாரு, அது வேற கத.

1980ல ராணுவம் ஆட்சியப் புடிச்சதும் எல்லாம் படுத்துட்டு. ஜெம் கராஜா ஜெர்மனியிலயே கெடந்தாரு, குடியுரிமையையும் பறிச்சானுவ, 1987லதான் ஊருக்கு வந்தாரு. செல்டா பாக்ஜான்னு ஒரு அம்மா, பாடுனதுக்கு ஜெயிலுக்கே போனாவ. இப்ப தூசி தட்டி எடுக்கதுல ஆல்டின் கூன்னு ஒரு பேண்டு, இருக்கது ஆம்ஸ்டர்டாம்ல, 2019ல அவிய போட்ட 'கெஜே' ஆல்பம் கிராமி நாமினேஷன் வரைக்கும் போச்சு. மவன்ட்ட செல்டாவ மொதல்ல கேக்கச் சொல்லுங்க, எனக்கு புதுசுல எதுவும் அந்தக் கொரலுக்கு ஈடில்ல.

கேள்வி: நாங்க நாலு பேரு சேந்து வில்லுப்பாட்டோட எலெக்ட்ரிக் கிட்டார் போட்டுப் பாக்கோம். சாமிக்குத்தம் ஆயிருமா?
- ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: சுடலமாடன் கோவில் கொடைக்கே ஸ்பீக்கர கோபுரமா அடுக்குதாவ, கிட்டாருக்கா கோவிச்சிக்கிடப் போறாரு? என் பயம் வேற. பாட்டுக்கு முன்ன ரெண்டு நிமிசம் வில்லு மணிய ஆட்டிட்டு அப்புறம் முச்சூடும் கிட்டார்னு போட்ருவீய, நெறைய பேரு அதத்தான் செய்யான். துருக்கிக்காரன் சாஸ ஊறுகா மாதிரி தொட்டுக்கல, சோறே அதான். நீங்க பேஸ் கிட்டார வெலைக்கு வாங்காதீய, குடம் இருக்குல்லா, அந்த "தும்" சத்தத்துக்கு மேல பேஸ் என்னவே வேணும், குடத்து வாய்க்கிட்ட ஒரு மைக்க வச்சி எக்கோ போட்டுப் பாருங்க, கிட்டார் அதுக்குப் பின்னாடி வரட்டும். ரெக்கார்ட் பண்ணுனா எனக்கும் அனுப்புங்கவே.