சம்பாதித்ததும் வாங்கிக்கொள்ளலாமா?

அன்புள்ள ஐயா,

நான் ஓவியங்கள், அட்டைப்படங்கள் செய்து கொடுத்துப் பிழைப்பவன். நான்கு வருடமாக கிராக் செய்த (உரிமப் பூட்டை உடைத்த) மென்பொருளில்தான் வேலை ஓடுகிறது. பணம் வந்ததும் லைசென்ஸ் வாங்கலாம் என்றிருந்தேன். வந்தது, வாங்கவில்லை. 'நகல் எடுத்தால் யாருக்கு என்ன குறைகிறது? அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு உன்னால் நஷ்டமா?' என்கிறார்கள் நண்பர்கள். ஆனாலும் உறுத்துகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர்கள் சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. கற்றுக்கொண்ட நாட்களில் நானும் கிராக்கில்தான் பழகினேன். வாங்கவே வழியில்லாதவர் நகல் எடுப்பதால் விற்பனை குறைவதில்லை. ஆனால் நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். நீங்கள் வரைந்த அட்டைப்படத்தை ஒருவர் அச்சிட்டுக்கொண்டு, 'மூலக் கோப்பு உங்களிடமே இருக்கிறதே, எதற்குக் காசு?' என்று கேட்டால் ஒப்புக்கொள்வீர்களா?

இது பழைய வழக்கு. ஆல்டேர் என்ற ஆரம்பகாலத் தனிநபர் கணினிக்குத் தன் நிறுவனம் எழுதிய பேசிக் நிரல்மொழியைக் காசு கொடுக்காமல் நகல் எடுக்கிறார்கள் என்று பில் கேட்ஸ் 1976இலேயே பகிரங்கக் கடிதம் எழுதினார்.

எனக்குக் கவலை பெரிய நிறுவனத்தைப் பற்றி அல்ல. கிராக்கால் அவர்களுக்கு ஆதாயம்கூட இருக்கலாம். அதில் பழகிய கை நாளை அலுவலகத்திலும் அதையே கேட்கும். அடிபடுவது கிம்ப், இங்க்ஸ்கேப், கிரிட்டா போன்ற, யாரும் இலவசமாகப் பயன்படுத்தி மாற்றியமைக்கக்கூடிய கட்டற்ற வரைகலை மென்பொருள்கள். பயன்படுத்துகிறவர் இருந்தால்தான் அவற்றின் பிழைகள் கண்ணில் படும், பயிற்சிக் குறிப்புகள் எழுதப்படும், நன்கொடை வரும். விலை உயர்ந்தது கிராக்கில் சும்மா கிடைக்கும்போது இந்தப் பக்கம் யார் திரும்புவார்கள்?

பிளெண்டர் என்ற கட்டற்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 2002இல் முதலீட்டாளர்கள் கைவிட்டதால் அதை உருவாக்கிய நிறுவனம் மூடப்பட்டது. 1,00,000 யூரோ கொடுத்தால் மூல நிரலை (மென்பொருள் எழுதப்பட்ட வரிகளை) எல்லோருக்கும் திறந்துவிடச் சம்மதித்தார்கள். பிளெண்டரை உருவாக்கிய டான் ரூசெண்டால் பயனர்களிடம் கேட்டார், ஏழே வாரத்தில் பணம் சேர்ந்துவிட்டது. அந்த அக்டோபரில் அது எல்லோருக்கும் பொதுவானது. 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய படம் முழுக்க பிளெண்டரில் உருவானது. அன்று பணம் அனுப்பியவர்களை நினைத்தால் இப்போதும் நெகிழ்ச்சியாக இருக்கிறது.

அப்புறம், கிராக் கோப்பை நிறுவும்போது வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்வார்கள். முகம் தெரியாத ஒருவர் சொல்லி, உங்கள் நான்கு வருட உழைப்பு இருக்கும் கணினியில் அதைச் செய்யாதீர்கள்.

அடுத்த வேலை ஒன்றை கிரிட்டாவில் செய்து பாருங்கள். கை பழக ஒரு மாதம் பிடிக்கலாம். ஒத்துவரவில்லையா, சரி, பழைய மென்பொருளுக்கே லைசென்ஸ் வாங்கிவிடுங்கள். கிரிட்டா அதன் தளத்தில் இலவசம். அதே மென்பொருளை ஸ்டீம் என்ற இணையக் கடையில் விலைக்கும் வைத்திருக்கிறார்கள், அந்தப் பணம் அதை எழுதுகிறவர்களுக்குப் போகிறது. நான் விலை கொடுத்துத்தான் வாங்கினேன்.