பில், டெட், ஒரு டெலிபோன் பூத்: கேள்வி பதில்

ஹாலிவுட் நடிகர் கியானு ரீவ்ஸ் கார்ட்டூனுக்குக் குரல் கொடுத்திருக்கிறார் என்கிறான் நண்பன். நிஜமா அண்ணா?

நிஜம்தான் தம்பி. 1989இல் வந்த ‘பில் அண்ட் டெட்ஸ் எக்ஸலண்ட் அட்வெஞ்சர்’ காமெடிப் படத்தை மறு வருடமே கார்ட்டூன் ஆக்கினார்கள். 1990 செப்டம்பர் முதல் அமெரிக்காவில் சிபிஎஸ் சேனலில் சனிக்கிழமை காலைகளில் ஓடியது. தயாரித்தது ஹன்னா-பார்பெரா கம்பெனி. நாயகர்கள் இருவரில் டெட்டுக்குப் பேசியவர் ரீவ்ஸ், பில்லுக்கு அலெக்ஸ் விண்டர், அவர்களுக்கு வழிகாட்டும் ரூஃபஸுக்கு மேடைக் காமெடியன் ஜார்ஜ் கார்லின். மூவருமே படத்தில் நடித்தவர்கள். சரித்திர வாத்தியாருக்குக்கூட அதே பெர்னி கேசிதான். இது லேசில் நடக்கிற காரியமில்லை. பேய் பிடிக்கும் காமெடிப் படமான ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ஸையும் கார்ட்டூன் ஆக்கினார்கள்; அதில் படத்தின் நான்கு நாயகர்களில் ஒருவர்கூடப் பேசவில்லை.

படமே பார்த்ததில்லை சார். கதை என்ன?

கலிஃபோர்னியாவில் சான் டிமாஸ் என்ற ஊர். ராக் பேண்ட் கனவோடு திரியும் இரண்டு பையன்கள் சரித்திரத்தில் ஃபெயிலாகும் நிலை. எதிர்காலத்திலிருந்து ரூஃபஸ் ஒரு டெலிபோன் பூத்தோடு வந்து இறங்குகிறார். டைரக்டரியில் பார்த்து எண்ணைச் சுழற்றினால் அந்தக் காலத்துக்கே போய்விடலாம். சாக்ரடீஸ், நெப்போலியன், லிங்கன் என்று ஆள் ஆளாக அள்ளிக்கொண்டு வந்து பள்ளி மேடையில் ஏற்றிவிடுகிறார்கள். சந்தோஷம் வந்தால் இல்லாத கிட்டாரை வாசிப்பார்கள், சத்தம் மட்டும் நிஜமாகக் கேட்கும். கார்ட்டூனிலும் இதே பூத், வாரம் ஒரு பயணம்.

கார்லினா? அவர் பேச்சைப் பெரியவர்களே காதைப் பொத்திக்கொண்டு கேட்பார்களே?

அதே கார்லின்தான்! அவருடைய கெட்ட வார்த்தை காமெடி ரேடியோவில் போனதால் வந்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1978இல் தீர்ப்பானது. பன்னிரண்டு வருடம் கழித்து அந்த மனிதர் சனிக்கிழமை காலையில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு இந்த நிகழ்ச்சியில் மிகவும் பிடித்த விஷயமே அதுதான்.

இவ்வளவு இருந்தும் ஏன் நீடிக்கவில்லை?

13 எபிசோடோடு சிபிஎஸ் முடித்துக்கொண்டது. 1991இல் ஃபாக்ஸ் சேனலுக்குப் போனபோது சேனலோடு தயாரிப்பும் மாறி, டிஐசி கம்பெனி கைக்கு வந்தது. குரல்களும் மாறின. ஃபாக்ஸ் அப்போது இதே கதையை நடிகர்களை வைத்து டிவி தொடராக எடுக்கும் ஏற்பாட்டில் இருந்தது. அதில் நடிக்கப் போகிற எவன் ரிச்சர்ட்ஸ், கிறிஸ்டோபர் கென்னடி இருவரையே கார்ட்டூனிலும் பேச வைத்தார்கள். வரப்போகிற தொடருக்கு முன்கூட்டியே விளம்பரம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் பலன்? அந்த கார்ட்டூன் 8 எபிசோடு. 1992 கோடையில் வந்த தொடர் 7 எபிசோடு. இரண்டும் காலி. பழகிய குரலைப் பிடுங்கிவிட்டுப் பிள்ளைகள் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று நினைத்தால் வேறென்ன நடக்கும்?

இப்போது அங்கே சனிக்கிழமை காலை கார்ட்டூன் உண்டா?

பெரிய சேனல்களில் அந்த வழக்கம் ஒழிந்துபோனது. நாள் முழுக்க கார்ட்டூன் போடும் கேபிள் சேனல்கள் வந்த பிறகு காலை ஏழு மணிக்கு எழ யாருக்கு அவசியம்? என்பிசி சேனல் 1992லேயே விலகியது. 2014இல் சிடபிள்யூ சேனலும் நிறுத்தியது.

எதில் தொடங்கலாம்?

முதலில் படம். அப்புறம் முதல் 13 எபிசோடு. பிந்தைய எட்டை விட்டுவிட்டு, ரீவ்ஸும் விண்டரும் நரைத்த வயதில் திரும்பி வந்த 2020 படத்துக்குப் போய்விடுங்கள்.