திருகோணமலையில் பிள்ளையை ஹொக்கி விளையாட விட்டால் எவ்வளவு செலவாகும்?

மட்டை, சப்பாத்து விலையை மட்டும் விசாரித்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். என் மகள் நாலு வருடமாகப் பள்ளிக்கூட அணியில் ஆடுகிறாள். எங்களுக்குக் காசு போனதெல்லாம் பயணத்தில்தான்.

பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. மைதானம் பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறது, பயிற்சி தரும் சேரும் (ஆசிரியரும்) அங்கேயே இருக்கிறார். முதல் வருடம் மட்டைகூட வாங்க வேண்டாம். ஹொக்கியில் மட்டையின் தட்டையான இடப்பக்கத்தால்தான் பந்தை அடிக்கலாம், இடக்கைக்காரருக்கென்று தனி மட்டை கிடையாது. அதனால் பெரிய வகுப்பு அக்காமார் விட்டுப்போன மட்டை யாருக்கும் பொருந்தும். உயரம் இடுப்பெலும்பு மட்டுக்கு வந்தால் சரி. என் மகள் இடக்கைக்காரி, அவளும் அப்படித்தான் தொடங்கினாள். கனடாவில் என் மச்சாளின் மகன் ஆடுவது ஐஸ் ஹொக்கி. அங்கே கால் வளர வளரச் சறுக்குச் சப்பாத்து மாற்ற வேண்டும், பனித்தளத்துக்கு மணிக்கணக்கில் வாடகையும் உண்டு. நமக்கு அந்தப் பாரம் இல்லை. ஆனால் நம் மணல் தரை மரமட்டையின் வளைந்த அடியை அரித்துவிடும். சிராய் எழும்பி நிற்கும், நான் வெள்ளிக்கிழமைகளில் தேய்த்து டேப் சுற்றிக் கொடுப்பேன்.

பல்லுக்கும் முழங்காலுக்குக் கீழேயும் போடும் காப்புகளை மட்டும் புதிதாகவே வாங்குங்கள். பந்து கிரிக்கெட் பந்தின் எடை, 156 முதல் 163 கிராம்.

பெரிய போட்டிகள் செயற்கைத் தரையில் நடக்கும். அதற்கு நாங்கள் கொழும்புக்குப் போவோம், ஏறக்குறைய 260 கிலோமீற்றர். கந்தளாய், ஹபரணை வழியாக இரவில் வான் வண்டியில் பயணம். வான் பங்கு, சாப்பாடு, கூடப் போகும் ஆளின் இரண்டு நாள் சம்பளம். கடைசிப் பயணத்தில் எங்களுக்கு 11,000 ரூபாவுக்கு மேல் போனது.

2022-ல் டீசல் வரிசையில் நாங்கள் கிடந்த காலம். அவளுடைய கொம்பாஸ் பெட்டியில் நாலாக மடித்த கடிதம் ஒன்று கிடைத்தது. பயணக் காசு கேட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியது. திகதி முடிந்து ஆறு நாள். ஏன் பிள்ளை காட்டவில்லை என்று கேட்டேன். "நீங்க கடன் வாங்குவீங்க அப்பா" என்றாள். இன்றைக்கும் அதை நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

அதனால் பிள்ளையைச் சேர்க்கும்போதே பயிற்சி தரும் சேரிடம் வருடத்துக்கு எத்தனை வெளியூர்ப் பயணம் என்று கேளுங்கள். பிறகு மாதாமாதம் கொஞ்சம் எடுத்து வையுங்கள். நாங்கள் பால்மா டின் ஒன்றில் போடுகிறோம், அவளுக்கும் அந்த டின் இருக்கும் இடம் தெரியும்.