சிறுநீரக உறை தடித்திருந்தால் சிறுநீரகம் கெட்டுவிட்டதா?

மலேசியாவின் பிறை நகரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “அப்பாவுக்கு 61 வயது. கணைய வீக்கம் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். சிடி ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘இடது ஜெரோட்டா உறை தடித்துள்ளது, அதற்கு முன்னால் நீர் தேங்கியுள்ளது’ என்று இருக்கிறது. அது சிறுநீரக உறை என்றார்கள். டயாலிசிஸ் வரை போய்விடுமோ என்று அம்மா அழுதுகொண்டே இருக்கிறார்.”

அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள், தங்கை: கணையத்திலிருந்து கசிந்த நீர் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்பதைத்தான் அந்த வரி சொல்கிறது. சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

வயிற்றின் பின்பக்கம், முதுகுத் தசைக்கு முன்னால், சிறுநீரகம் தன்னைச் சுற்றிய கொழுப்போடு ஓர் உறைக்குள் இருக்கிறது. உறையின் பின்பக்கத்தை 1883இல் ஆஸ்திரிய உடற்கூறியலாளர் சுக்கர்கண்டலும், முன்பக்கத்தை 1895இல் ருமேனிய உடற்கூறியலாளர் ஜெரோட்டாவும் விவரித்தார்கள். அந்த முன்சுவரை ஒட்டிய அறையில்தான் கணையம் இருக்கிறது. சிறுகுடலின் தொடக்கப் பகுதியும் பெருங்குடலின் இரு பக்கப் பகுதிகளும் அங்கேதான். பினாங்கு லெபோ பசார் தெருவில் சுவரோடு சுவர் ஒட்டிய பழைய கடைவீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் குழாய் உடைந்தால் பக்கத்து வீட்டுச் சுவரும் ஊறிவிடும். ஊறியது சுவர்தான்.

ஸ்கேன் படத்தில் கொழுப்பு கருமையாகத் தெரியும். அதன் நடுவே இந்த உறை மெல்லிய வெண்கோடாக ஓடும். சாதாரணமாக அந்தக் கோடு இருக்கிறதா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் தடித்திருக்கிறது என்று எழுதுவோம். கணைய வீக்கத்தில் இது, அதிலும் இடது பக்கத்தில், நாங்கள் அடிக்கடி பார்ப்பதுதான்.

அடுத்த ஸ்கேனில் ‘சிறுநீரகத்துக்குப் பின்னாலும் நீர்’ என்று வந்தாலும் பதற வேண்டாம். பின்பக்க உறை ஒற்றை ஏடு அல்ல, ஒட்டிக்கிடக்கும் ஏடுகள் என்று 1986இல் கதிரியக்க மருத்துவர் ராப்டோபோலஸ் குழுவினர் காட்டினார்கள். சௌராஸ்தா சந்தையில் காய்கறிக்காரர் ஒட்டிய பிளாஸ்டிக் பையை ஈர விரலால் தேய்த்துப் பிரிப்பாரே, அப்படி நீர் அந்த ஏடுகளைப் பிரித்துக்கொண்டு பின்னால் போகும். சிறுநீரகத்தைத் தொடாமலே போகும்.

அதற்காகச் சிறுநீரகத்தைக் கவனிக்காமல் விடக் கூடாது. கணைய வீக்கம் கடுமையானால் உடலில் நீர் வற்றியும் ரத்த அழுத்தம் இறங்கியும் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். அது உறைத் தடிப்பில் தெரியாது. ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) எவ்வளவு, சிறுநீர் எவ்வளவு போகிறது என்று தினமும் கேளுங்கள். ரிப்போர்ட்டிலேயே ‘இரு சிறுநீரகங்களும்’ என்று தொடங்கும் வரியைத் தேடிப் படியுங்கள். அவை இயல்பாக இருக்கின்றன, சிறுநீர்த் தேக்கம் இல்லை என்று எழுதியிருந்தால் நல்ல செய்தி.

தேங்கிய நீர் பெரும்பாலும் சில வாரங்களில் தானே வற்றிவிடும். 4 வாரங்களுக்குப் பிறகும் நின்று, சுற்றிலும் சுவர் கட்டிக்கொண்டால் பொய்க்கட்டி என்போம். அப்போது டாக்டர் மறுபடி ஸ்கேன் கேட்கலாம். வீடு திரும்பிய பின் காய்ச்சல், நிற்காத வாந்தி, சிறுநீர் குறைதல், விலாவுக்குக் கீழே இடுப்போரம் நீலம் பாரித்தல், இதில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று அல்ட்ராசவுண்ட் பார்த்தார்களா? இதையும் டாக்டரிடம் கேளுங்கள். சிறு கற்கள் சிடியில் தெரியாமல் போவதுண்டு, கணையம் வீங்கியதற்கே அவை காரணமாக இருக்கலாம்.