பெட்டிக்கடியில் கிடந்த பேப்பரும் ஸ்ரேசன் படமும்

வணக்கம் ஐயா,

அம்மப்பாவின் பழைய றங்குப்பெட்டியைப் போன மாதம் திறந்தோம். அடியில் ‘ஈழகேசரி’ பேப்பர் ஒட்டியிருந்தது. திகதி இருந்த மூலை கிழிந்துவிட்டது. உள்ளே ஒரு படம்: யாழ்ப்பாணம் ஸ்ரேசனில் மாலை போட்ட ஒருவரைச் சுற்றி முப்பது நாற்பது பேர். ஒருவரையும் எனக்குத் தெரியவில்லை. மாலை போட்டவர் காந்தி இல்லை, ஆனால் காந்தி வந்த நேரத்தில் எடுத்த படம் அது என்று அம்மம்மா சொல்கிறார். நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறேன். இப்படியான படங்களையும் பேப்பர்களையும் வைத்து எங்கள் நகரத்தின் கதையை மாணவர்களோடு தேடிப் பார்க்க ஆசை. யாழ்ப்பாண நூலகத்தோடு எல்லாம் எரிந்துபோச்சு, இனி எங்கே தேடுவது என்று மற்ற ஆசிரியர்கள் கேட்கிறார்கள். எங்கிருந்து தொடங்கலாம்?

த.ம., கொக்குவில்

அன்பின் பிள்ளைக்கு,

முதலில் அவசரமான விசயம். பெட்டியில் ஒட்டியிருக்கும் பேப்பரை உரிக்க வேண்டாம். ஒட்டியபடியே பகல் வெளிச்சத்தில் படமெடுத்து வையுங்கள். அந்த ஸ்ரேசன் படத்தையும் லமினேற் பண்ணக் கொடுத்துவிடாதீர்கள். பாதுகாப்பு என்று நினைத்து எங்கள் ஆட்கள் நிறையப் பேர் அதைச் செய்கிறார்கள். சூட்டில் படம் கெட்டுப்போகும், பிறகு பிளாஸ்ரிக்கைப் பிரிக்கவும் முடியாது.

சரி, இனித் தேடுதலுக்கு வருவோம். திகதி கிழிந்தாலும் அந்தப் பேப்பர் தன் காலத்தைச் சொல்லும். ‘ஈழகேசரி’யை நா. பொன்னையா 1930இல் சுன்னாகத்திலிருந்து தொடங்கினார். 1958இல் அது நின்றது. ஆக, உங்கள் துண்டு அந்த 28 வருடங்களுக்குள்தான். இன்னும் நெருக்க வேண்டுமென்றால் தலையங்கத்தை விட்டுவிட்டு விளம்பரங்களைப் பாருங்கள். எந்தப் படம் எந்தத் தியேட்டரில் ஓடுகிறது, அரிசி என்ன விலை, எந்தப் பள்ளிக்கூடம் பிள்ளைகளைச் சேர்க்கிறது, எந்தக் காணி ஏலத்துக்கு வருகிறது. நகரத்தின் அன்றாடம் அந்தச் சின்ன எழுத்துகளில்தான் இருக்கிறது. மரண அறிவித்தல் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. அந்தக் குடும்பத்தார் அந்தியேட்டிச் சடங்குக்கு அடித்த ‘கல்வெட்டு’ என்ற நினைவுப் புத்தகம் எங்காவது ஒரு வீட்டில் கிடக்கும். அதில் வம்சாவளி, ஊர், செய்த உத்தியோகம், எல்லாம் இருக்கும். யாழ்ப்பாணத்து வரலாறு எழுதுகிறவர்கள் கல்வெட்டுகளை இன்னும் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது என் எண்ணம்.

படத்தின் காலம் வேறு, பேப்பரின் காலம் வேறு. இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருந்ததால் ஒரே காலம் என்று ஆகிவிடாது. காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரை ரயில் ஓடத் தொடங்கியது 1902இல். தெற்கோடு பாதை இணைந்தது 1905இல். ஆகவே படம் 1902க்கு முந்தியதாக இருக்க முடியாது. பின்னால் இஞ்சின் தெரிந்தால் நீராவியா டீசலா என்று பாருங்கள். கனடாவிலிருந்து டீசல் இஞ்சின்கள் 1954இல் வரத் தொடங்கின, யாழ்தேவி ரயில் 1956இல் ஓடத் தொடங்கியது. மின்கம்பம், பெயர்ப்பலகையில் என்னென்ன மொழி, ஆட்கள் கோட்டும் தலைப்பாகையுமாக நிற்கிறார்களா, வேட்டி சால்வையா, காலில் செருப்பு உண்டா, இதெல்லாம் சாட்சி. பின்பக்கத்தில் ஸ்ரூடியோ முத்திரை இருந்தால் அதையும் கட்டாயம் படமெடுங்கள். பெயர்ப்பலகை எழுத்துகள் இடம் வலம் மாறித் தெரிந்தால் நெகற்றிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அம்மம்மாவின் சொல்லை அப்படியே ஏற்கவும் வேண்டாம், தள்ளிவிடவும் வேண்டாம். காந்தி 1927 நவம்பர் கடைசியில் யாழ்ப்பாணம் வந்தார். அழைத்தவர்கள் மாணவர் காங்கிரசார். பின்னாளில் இளைஞர் காங்கிரஸ் என்று பெயர் பெற்று 1931 அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்தவர்கள் அவர்கள்தான். அந்த வாரத்து ‘இந்து சாதன’த்தை எடுத்து வரவேற்பு விவரத்தைப் படியுங்கள். அதே வாரத்து ‘உதயதாரகை’யையும் பக்கத்தில் வையுங்கள். ஒன்று சைவ பரிபாலன சபை 1889இல் தொடங்கியது, மற்றது அமெரிக்க மிஷனார் 1841இல் தொடங்கியது. ஒரே நாளை இரண்டு பேர் இரண்டு இடத்தில் நின்று பார்த்திருப்பார்கள். கத்தோலிக்கரின் ‘பாதுகாவலன்’ மூன்றாவது. ஒரு பேப்பரை மட்டும் படித்துவிட்டு ‘யாழ்ப்பாணம் இப்படி நினைத்தது’ என்று மாணவர்களுக்குச் சொல்லிவிடாதீர்கள்.

ஒருவருக்கு ஸ்ரேசனில் மாலை விழுவதற்குக் காந்தி வந்திருக்க வேண்டும் என்றில்லை. மாற்றலாகிப் போகிற தலைமை ஆசிரியர், சீமைக்குப் படிக்கப் போகிற பிள்ளை, மலாயாவுக்கு உத்தியோகத்துக்குப் போகிற மருமகன், எல்லோருக்கும் மாலை போட்டுப் படமெடுத்துத்தான் அனுப்பினார்கள். அம்மம்மாவிடம் ‘யார் இது?’ என்று கேளாமல், ‘இந்தப் படம் யாருடைய வீட்டுச் சுவரில் தொங்கியது, உங்களுக்கு இதைக் காட்டியது யார்?’ என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் பதில் வரும். சொன்னதைச் சொன்னபடியே, சொன்ன நாளையும் போட்டு எழுதி வையுங்கள்.

பேப்பரில் இல்லாதவர்களையும் தேட வேண்டும். பத்திரிகை நடத்தியவர்களும் விளம்பரம் கொடுத்தவர்களும் பெரும்பாலும் படித்த, வசதியான, உயர்த்தப்பட்ட சாதிக்காரர். 1930ஐ ஒட்டிய வருடங்களில் பள்ளிக்கூடங்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கேட்டு எவ்வளவு பெரிய சண்டை நடந்தது! அந்தக் காலத்து வகுப்புப் படம் கிடைத்தால் யார் வாங்கில் இருக்கிறார்கள், யார் நிலத்தில் இருக்கிறார்கள், யார் படத்திலேயே இல்லை என்று மாணவர்களைக் கொண்டு பார்க்கச் செய்யுங்கள். இது இல்லாமல் செய்கிற நகர வரலாறு பாதி வரலாறுதான்.

‘எல்லாம் எரிந்துபோச்சு’ என்பதைப் பற்றி. 1981 மே 31 இரவு தொடங்கிய தீயில் நூலகத்தின் 97,000 அளவிலான நூல்களும் சுவடிகளும் போயின. அந்த நாட்களிலேயே ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகத்தையும் எரித்தார்கள். அங்கே போன தனிப்பிரதி ஏடுகள் திரும்பி வராது. அந்த இழப்பைச் சிறிதாக்கிப் பேச நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். ஆனால் பத்திரிகை பல பிரதியாக அச்சிட்டு ஊரெல்லாம் போன பொருள். கொழும்பில் தேசிய சுவடிகள் காப்பகத்தில் பழைய பத்திரிகைகள் இருக்கின்றன. 2005இலிருந்து இயங்கும் ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் ஏராளமானவற்றை வீட்டிலிருந்தே படிக்கலாம். உங்கள் மாணவர்கள் முதலில் அங்கே போகட்டும்.

படங்களின் கதை அப்படியில்லை. 1995 ஒக்ரோபர் 30இல் போரால் ஊரை விட்டு வெளியேறியபோது அல்பங்களைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் கொஞ்சப் பேர்தான். அதனால் எங்கள் நகரத்தின் பழைய படங்களை வெளியூரில் தேட வேண்டும். மலாயாவுக்குப் போன தாத்தாமாருக்கு இங்கிருந்து கடிதத்தோடு படங்கள் போயின. கோலாலம்பூரிலும் சிரம்பானிலும் தைப்பிங்கிலும் உள்ள பேரப்பிள்ளைகளின் வீடுகளில் யாழ்ப்பாணத்துப் பெரியகடையும் முற்றவெளியும் படங்களாக இருக்கக்கூடும். உங்கள் வகுப்பில் வெளிநாட்டில் சொந்தம் இல்லாத பிள்ளை இருக்காது. ஆளுக்கு ஒரு வாட்ஸப் செய்தி அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழையது என்றால் வெள்ளைக்காரன் காலம் என்று நினைத்துவிடுகிறோம். 90களில் பொருளாதாரத் தடையால் பேப்பர் கிடைக்காமல், கோடு போட்ட கொப்பித் தாளில் இங்கே பத்திரிகை அச்சிட்டார்கள். அந்தத் தாள்களும் பொடிந்துகொண்டிருக்கின்றன. உங்கள் மாணவர்களின் தாய் தகப்பன் படித்த பேப்பர் அது, வீட்டில் சான்றிதழ்க் கோவைக்குள்ளோ அலுமாரித் தட்டிலோ இன்னும் கிடக்கும். வகுப்பில் இதிலிருந்தே தொடங்கலாம். கேட்டுச் சரிபார்க்க ஆட்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

பெட்டியின் அடியையும் ஸ்ரேசன் படத்தின் இரண்டு பக்கங்களையும் தெளிவாகப் படமெடுத்து அனுப்புங்கள். விளம்பரங்களை வைத்து ‘ஈழகேசரி’ இதழ்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். அம்மம்மாவிடம் மட்டும் இந்தக் கிழமையே போய் இருந்து பேசுங்கள்.

அன்புடன்.